சின்னண்ணையின் இடத்தில் ஒரு விளக்கு

அப்பா இறந்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நினைவு மலர் தயாராகிக்கொண்டிருந்த கிழமைகளில் நான் வேலையில் ஒரு ரோமானியக் கல்லை அளந்துகொண்டிருந்தேன். ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே பழம்பொருட்களைப் பாதுகாக்கும் ஒரு களஞ்சியத்தில், உருளும் சில்லு வைத்த பலகை ஒன்றின் மேல் அது நின்றது. இடுப்பளவு உயரம், சாம்பல் கலந்த மணற்கல். இந்தப் பக்கத்து எல்லையைக் காத்த ஒரு படைப்பிரிவு தங்கள் சக்கரவர்த்திகளின் நலனுக்காக நட்ட கல் என்றார்கள். நான் படித்தது அளவைத் தொழில்நுட்பம். கோடு கோடாக ஒளியைக் கல்லின் மேல் விழுத்தி, அந்தக் கோடுகள் எங்கே வளைகின்றன என்பதைக் கமராவால் பிடித்து, கணினிக்குள் கல்லை மறுபடி கட்டுவேன். வரலாறு எனக்குத் தெரியாது. அதற்கு எங்கள் அலுவலகத்தில் வேறொருத்தி இருக்கிறாள்.

கல்லின் நடுவில் ஒரு வரியைக் காணவில்லை. உடைந்துபோன இடம் அல்ல அது. மேலேயும் கீழேயும் எழுத்துகள் ஒழுங்காக இருக்க, நடுவில் மட்டும் உளியால் கொத்தி எடுத்திருந்தார்கள். விரலை வைத்தால் பள்ளம் தெரியும்.

"அது கேட்டா என்கிற ஆள்" என்றாள் வரலாறு படித்த என் சக ஊழியை. பக்கத்து வீட்டுக்காரரைக் காட்டுவதுபோல் அந்தப் பள்ளத்தைக் காட்டினாள்.

எதையும் வரிசைப்படுத்தினால்தான் எனக்கு விளங்கும். மதியச் சாப்பாட்டுக்கு இருந்தபோது அவள் சொன்னதைக் கைபேசியில் குறித்துக்கொண்டேன். தகப்பன் சக்கரவர்த்தி. மகன்கள் இரண்டு பேர், இளையவன் பெயர் கேட்டா. ஒற்றுமையாக இருங்கள் என்று சொல்லிவிட்டுத் தகப்பன் தூர தேசத்தில் செத்துப்போனான். மகன்கள் சேர்ந்து அரசாள வந்தார்கள். ஒரே அரண்மனையை இரண்டாகப் பிரித்து நடுக் கதவுகளை அடைத்தார்கள். சமாதானம் பேசத் தாய் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டாள். அங்கே மூத்தவனின் ஆட்கள் இளையவனைத் தாயின் மடியில் வைத்தே குத்திக் கொன்றார்கள். அதன்பிறகு இளையவனின் பெயரையும் முகத்தையும் பேரரசு முழுவதும் அழித்தார்கள். கல்லில், காசில், ஓவியத்தில்.

அந்த மூத்தவனை வரலாறு கரகல்லா என்கிறது. அது அவனுடைய பெயர்கூட இல்லை. அவன் விரும்பிப் போட்ட, தலையை மூடுகிற ஒருவகை நீள அங்கியின் பெயர்.

"தாய் என்ன செய்தாள்?" என்று கேட்டேன்.

"அழக்கூடாது என்று உத்தரவு. மகிழ்ச்சியாக இருப்பதுபோல் நடக்க வேண்டும். நடந்தாள்."

நான் சாப்பாட்டுப் பெட்டியை மூடினேன். அன்று காலைதான் பெரியண்ணை கூப்பிட்டு, மலரில் சின்னண்ணையின் பெயர் வரக்கூடாது என்று சொல்லியிருந்தார்.

எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள். பெரியண்ணை யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு ஜெர்மனிக்கு வந்தவர். இங்கே படிப்பு ஏறவில்லை. சமையலறைத் தளபாடம் செய்யும் தொழிற்சாலையில் முறைவேலை. கலியாணம் செய்யவில்லை. பீலெஃபெல்ட்டில் அப்பா அம்மாவோடு இருந்து அவர்களைப் பார்த்தவர் அவர்தான். சின்னண்ணை இங்கே பிறந்தவர். எட்டு ஒன்பது வயதிலிருந்தே வீட்டுக்கு வந்த ஒவ்வொரு ஜெர்மன் கடிதத்தையும் வாசித்தவர். அப்பாவின் பக்கத்தில் கதிரையில் ஏறி நின்று அலுவலகக்காரரோடு பேசியவர். ஆஹென் நகரில் படித்து, அங்கேயே வேலை எடுத்து, கலியாணம் செய்து, ஒரு பெண்பிள்ளையும் இருக்கிறது. நான் கடைசி.

எல்லாக் கடிதமும் சின்னண்ணையின் கையால் போனதால் அப்பாவின் ஃபோல்மாக்டும் அவருடைய பெயரில் போனது. அப்பா தன் நிலையைத் தானே சொல்ல முடியாமல் போனால் டொக்டர்மார் யாரைக் கேட்க வேண்டும் என்கிற பத்திரம் அது. இயந்திரத்தில் வைத்து இழுக்க வேண்டாம் என்றும் அதோடு சேர்த்து எழுதியிருந்தது. மூத்தவனின் பெயரைப் போடுவோமா என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை. கடிதம் என்றால் சின்னவன், பாரம் தூக்குவதென்றால் பெரியவன் என்று எங்கள் வீடு எப்போதோ பழகியிருந்தது. எங்களைப்போல் வந்த பல வீடுகளில் இப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்பாவின் மூளையில் இரத்தம் பெருகியபோது பெரியண்ணை யாழ்ப்பாணத்தில் ஊரில் நின்றார். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டொக்டர்மார் சொன்னார்கள். பெரியண்ணை கிடைத்த விமானத்தில் ஏறினார். இடையில் மாற வேண்டிய இடத்தில் அது பிந்தியது. சின்னண்ணை இரவு முழுவதும் பார்த்திருந்துவிட்டு, விடிந்ததும் இயந்திரத்தை நிறுத்தச் சம்மதம் சொன்னார். அன்று பின்னேரம் பெரியண்ணை டுசெல்டோர்ஃபில் இறங்கினார். அப்பா கேட்டிருந்த ஊர்ப் பனங்கிழங்குப் புழுக்கொடியலும் பனம்பழப் பினாட்டும் கைப்பையில் இருந்தன. அந்தப் பையை அவர் குசினி மூலையில் வைத்தார். யாரும் அதைத் திறக்கவில்லை.

கொள்ளி வைத்தவர் பெரியண்ணை. இங்கே அது தகனக் கூடத்தில் ஒரு பொத்தான். அதை அமத்தும்போது சின்னண்ணையைப் பின்னால் நிற்கச் சொன்னார். சின்னண்ணை பின்னால் நின்றார்.

மலர் அச்சடிப்பவர் எங்கள் ஆள்தான். டோர்ட்முண்ட் பக்கம் இருக்கிறார். ஒரு நாள் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தங்கச்சி, வம்சவழிப் படத்தில ஒரு பெட்டியை எடுக்கட்டாம் எண்டு உங்கட பெரியண்ணை சொல்லுறார். அதோட சேர்ந்த மனுசி, பிள்ளை ரெண்டு பெட்டியையும் சேர்த்துத்தானாம். எடுத்தால் மரம் ஒரு பக்கம் சரிஞ்ச மாதிரிக் கிடக்கு. நான் என்ன செய்யிறது?"

"எடுக்காதேங்கோ அண்ணை. நான் கதைக்கிறன்."

"கதையுங்கோ, கதையுங்கோ. நான் எத்தினை மலர் அடிச்சனான் பிள்ளை. செத்த ஆக்களைப் போடுறதில பிரச்சினையே இல்லை. உயிரோட இருக்கிற ஆக்களைப் போடுறதுதான் பெரிய கரைச்சல்."

நான் பெரியண்ணையோடு கதைத்தேன். சமநிலையாகத்தான் கதைத்தேன், காரணங்களை ஒவ்வொன்றாக அடுக்கி. மலர் அப்பாவுடையது. அப்பாவுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். வருகிற எல்லோருக்கும் அது தெரியும். பெயரை எடுத்தால்தான் கேள்வி வரும். அவர் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, "முடிஞ்சுதோ? சரி, வேலைக்கு நேரமாச்சு" என்று வைத்துவிட்டார்.

அம்மாவிடம் வேறு திட்டம் இருந்தது.

"அந்தியேட்டிக்கு முதல் ஞாயிறு ரெண்டு பேரையும் இஞ்ச கூப்பிட்டு இருத்தப்போறன்" என்றார் தொலைபேசியில். "பெரியவனுக்கு மாமி வாறா எண்டு சொல்லியிருக்கிறன். முகத்துக்கு முகம் பார்த்தால் என்ன செய்யப்போறான்? தமையன்தானே."

"அம்மா, வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

காரணத்தைச் சொல்ல முடியவில்லை. ரோமாபுரியில் ஒரு தாய் இதைச் செய்து பார்த்தாள் என்று பீலெஃபெல்ட்டில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் எப்படிச் சொல்வது? "பொய் சொல்லிக் கூப்பிட்டால் இன்னும் கோவம் வரும்" என்று மட்டும் சொன்னேன்.

"உனக்கு விளங்காது பிள்ளை. தகப்பனுக்கு மூத்தவன் கொள்ளி வைச்சான். எனக்கு இளையவன்தான் வைக்கோணும், அதுதான் முறை. ரெண்டும் கதையாமல் இருந்தால் என்ர செத்தவீட்டில ஆர் நிக்கிறது, ஆர் போறது? நான் கண்ணை மூடுறதுக்குள்ள ரெண்டையும் ஒரு இடத்தில நிப்பாட்டிப் பார்க்கோணும். வேற ஒண்டும் எனக்குத் தேவையில்லை."

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் ரயிலில் போனேன். அம்மா பொரித்த குழம்பும் பருப்பும் வைத்திருந்தார். வரவேற்பறையில் அப்பாவின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. சின்னண்ணை தோடம்பழப் பையோடு வந்தார். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே பெரியண்ணை மாடியிலிருந்து இறங்கி வந்து பாதிப் படியில் நின்றார்.

"இவனை ஆர் கூப்பிட்டது?"

"நான்தான்" என்றார் அம்மா. "என்ர வீடு."

"உங்கட வீட்டிலதான் ஒரு ஆளைக் காணேல்லை. எங்க எண்டு இவனைக் கேளுங்கோ."

"அண்ணை, வாங்கோ, இருந்து கதைப்பம்" என்றார் சின்னண்ணை.

"இருந்து கதைக்கிறதோ? நீ எப்பவும் ஆறுதலா இருந்துதான் கதைப்பாய். டொக்டரோடயும் இப்பிடித்தான் இருந்து கதைச்சிருப்பாய். கோப்பியும் குடிச்சிருப்பாய்."

"தந்தவை. நான் குடிக்கேல்லை."

"ஒரு பகல்! ஒரு பகல் பொறுக்க ஏலாமல் போச்சோ உனக்கு? நான் மேல பறந்துகொண்டிருக்கிறன், நீ கீழ நிண்டு ஓம் எண்டு சொல்லிப்போட்டாய்."

"அப்பா பொறுக்கச் சொல்லி எழுதேல்லை அண்ணை."

"அப்பா எங்கயடா எழுதினவர்? நீ எழுதினாய். அந்த மனுசனுக்கு ஜெர்மன் தெரியுமோ? நீ விரலால காட்டின இடத்தில கையெழுத்து வைச்சவர். வாழ்நாள் முழுக்க அதைத்தானே செய்தவர்."

அது உண்மையில்லை. அந்தப் பத்திரத்தில் கையெழுத்து வைத்த அன்று நானும் அந்த மேசையில் இருந்தேன். சின்னண்ணை வரிவரியாகத் தமிழில் சொன்னார். அப்பா தொலைக்காட்சிச் செய்தி தொடங்கப்போகிறது என்று அவசரப்படுத்தினார், ஆனால் கேட்டார். மரக்கறி மாதிரிக் கிடக்க நான் தயாரில்லை என்றும் சொன்னார்.

"நான் பக்கத்தில இருந்தனான் பெரியண்ணை. வாசிச்சுக் காட்டினவர்" என்றேன்.

"நீ பேசாமல் இரு. நீயும் அவன்ர பள்ளிக்கூடம்தான்."

அம்மா இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். கையில் கரண்டி இருந்தது. "எனக்கு ஆர் கொள்ளி வைக்கிறது?" என்றார். "சொல்லுங்கோவன். தாய்க்கு இளையவன்தானே? அதுக்காவது ரெண்டு பேரும்..."

"பட்டன்தானே அம்மா" என்றார் பெரியண்ணை. "நான் அமத்துவன்."

சின்னண்ணை கழற்றிய சப்பாத்தைத் திரும்பப் போடத் தொடங்கினார். குனிந்தபடியே சொன்னார். "மலரில என்ர பேரை எடுத்துவிடுங்கோ. நானே சொல்லுறன். பிள்ளையின்ர பேரை மட்டும் விடுங்கோ. அவளுக்கு அவர் அப்பப்பா."

"நீ இல்லாமல் அவளை எங்கயிருந்து கோடு கீறிக் கொண்டுவாறது?" என்றார் பெரியண்ணை.

நக்கலாகச் சொன்னாரா, உண்மையாகவே அந்தப் படத்தை நினைத்துச் சொன்னாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. சின்னண்ணை நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். பிறகு கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். தோடம்பழப் பை வாசலில் இருந்தது.

அம்மாவின் முகம் கோணத் தொடங்கியது.

"இப்ப ஏன் அழுறியள்?" என்றார் பெரியண்ணை. அவருடைய குரலும் சரியாக இல்லை. "அப்பாவுக்கு எண்டால் அழுங்கோ, நானும் சேர்ந்து அழுறன். அவனுக்காக இந்த வீட்டில ஒருதரும் அழக்கூடாது."

அம்மா கரண்டியைக் கழுவப் போனார். தண்ணீர் நீண்ட நேரம் ஓடியது. பிறகு வந்து, "சாப்பாடு ஆறுது, வாங்கோ" என்றார். மூன்று பேரும் சாப்பிட்டோம். நான் கோப்பைகளைக் கழுவி அடுக்கினேன். அந்த நேரத்தில் செய்வதற்கு என்னிடம் வேறொன்றும் இருக்கவில்லை.

அந்தியேட்டிக்கு ஒரு மண்டபம் எடுத்திருந்தோம். ஐயர் வந்து கிரியைகளைச் செய்தார். சாப்பாட்டுக்கு முன் மலர் கொடுத்தார்கள். முன்னட்டையில் அப்பா, உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல். அச்சடிப்பவர் தன்னால் ஆனதைச் செய்திருந்தார். மரம் சரிந்து தெரியாதபடி, சின்னண்ணையும் அவருடைய மனைவியும் பிள்ளையும் இருந்த இடத்தில் ஒரு குத்துவிளக்குப் படத்தை வைத்திருந்தார். எரிகிற விளக்கு, ஐந்து திரி. அப்பாவிலிருந்து இறங்கிய கோடுகளில் ஒன்று நேரே விளக்கின் உச்சியில் போய் முட்டியது. அதை எடுக்க அவர் மறந்துவிட்டார்.

எனக்கு முன்வரிசையில் இருந்த இரண்டு ஐயாமார் அதைப் பார்த்துவிட்டார்கள்.

"இதென்ன, இவருக்கு விளக்கும் பிறந்ததோ?"

"மெல்லக் கதை. அது ஆஹென் பெடியன்."

"எந்தப் பெடியன்? எனக்குப் பாஸ்போட்டுக்கு எழுதித் தந்த பெடியனோ?"

"ஓம், ஓம். அவன்தான். எனக்கும் அவன்தான் எழுதினவன்."

இருவரும் மலரை மூடி மடியில் வைத்துக்கொண்டார்கள். அந்த மண்டபத்தில் இருந்த பலர் இந்த நாட்டுக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது அந்தப் படிவங்களைச் சின்னண்ணைதான் நிரப்பிக் கொடுத்தார். அவருக்கு அப்போது மீசைகூடச் சரியாக முளைத்திருக்கவில்லை. சனிக்கிழமைகளில் எங்கள் குசினிக்குள் ஆட்கள் நிற்பார்கள். அம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே இருப்பார்.

இப்போது அதே ஆட்களுக்கு அம்மா வடை பரிமாறினார். "காணுமோ? இன்னொண்டு வைக்கட்டோ?" என்று ஒவ்வொருவரிடமும் சிரித்த முகத்தோடு கேட்டார். இளையவன் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அம்மாவுக்கு அவருடைய பெயரைச் சொல்லவாவது ஒரு சாட்டுக் கிடைத்திருக்கும்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். கல்லின் அளவீடு முடிந்து கணினியில் உருவம் வந்திருந்தது. ஒளியைச் சாய்த்துப் பார்த்தபோது, கொத்திய பள்ளத்தின் அடியில் உளி எட்டாத ஆழத்தில் சில எழுத்துகளின் கால்கள் தெரிந்தன. சக ஊழியை மகிழ்ந்துபோனாள். கரகல்லாவைப் பற்றி மிச்சத்தையும் அன்றுதான் சொன்னாள். தம்பியைக் கொன்று அதிக காலம் போகுமுன் அவன் ஓர் ஆணையிட்டான். பேரரசுக்குள் இருக்கும் அடிமையல்லாத எல்லோரும் இனி ரோமக் குடிமக்கள். வரி சேர்க்கத்தான் செய்தான் என்று அவன் காலத்திலேயே பேச்சிருந்ததாம். என்றாலும், ரோமாபுரியைக் கண்ணால் கண்டிராத எண்ணற்ற மனிதர்கள் ஒரே ஆணையில் உள்ளே வந்தார்கள். நன்றிக்கோ முறைக்கோ அவர்களில் பெருந்தொகையானோர் அவனுடைய குடும்பப் பெயரைத் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொண்டார்கள். முன்பின் தெரியாத அத்தனை பேருக்குத் தன் பெயரைக் கொடுத்தவன், தன்னோடு வளர்ந்தவனின் பெயரை ஒரு கல்லில்கூட விட்டுவைக்கவில்லை.

அவன் முடிவையும் சொன்னாள். இந்த எல்லையில் சண்டை பிடித்தான், நோயோடு திரிந்து கோயில் கோயிலாகச் சுகம் கேட்டான், கடைசியில் கிழக்கே ஒரு தெருவோரத்தில் ஒதுங்கப் போன இடத்தில் சொந்தப் படைவீரனே குத்தினான். செய்தி கேட்ட தாய் சாப்பிடாமல் இருந்து செத்தாள்.

"அப்போது யாருக்காக அழுதாள்?" என்று கேட்டேன்.

"அது எங்கேயும் எழுதப்படவில்லை" என்றாள். நான் அளவீட்டை அந்தக் கல்லின் இலக்கத்தோடு சேமித்துவிட்டு அடுத்த கல்லுக்குப் போனேன்.

மாரி தொடங்கியபோது அம்மாவுக்குக் கண்ணில் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. அதற்கு முன் தனக்கும் ஒரு ஃபோல்மாக்ட் எழுத வேண்டும் என்று அம்மாவே சொன்னார். பீலெஃபெல்ட்டில் ஓர் ஆலோசனை நிலையத்தில் சந்திக்க டெர்மின் எடுத்தேன். பெரியண்ணை வேலையில் இருந்தார். அவர் வரட்டுமா என்று கேட்கவும் இல்லை. ட்ராமில் போகும்போது, இரண்டு அண்ணன்மாரின் பெயரையும் போடலாம், சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது, ஒருவர் இல்லாவிட்டால் மற்றவர் முடிவு சொல்லலாம் என்று அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். அம்மா யன்னலைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார். பத்திரத்திலாவது இருவரும் ஒன்றாக இருப்பார்கள் என்று நான் நம்பினேன்.

ஆலோசகர் பொறுமையான பெண். அம்மாவுக்கு விளங்கும்படி மெதுவாகப் பேசினார். பிறந்த திகதி, முகவரி. பிறகு, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்.

நான் மொழிபெயர்க்க வாயைத் திறக்குமுன் அம்மா தானே ஜெர்மனில் பதில் சொன்னார். "ஸ்வை." விரல் இரண்டையும் காட்டினார். "ஒரு மகன், ஒரு மகள்."

அந்த அறையில் பெரியண்ணை இல்லை. அம்மாவின் வாயைப் பார்த்துக்கொண்டு யாரும் நிற்கவில்லை. ஆலோசகர் தட்டச்சு செய்தார். அம்மா என்னுடைய பெயரையும் பெரியண்ணையின் பெயரையும் கொடுத்து, காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தார்.

வெளியே தூறியது. தரிப்பிடத்தில் நிற்கும்போது, "அம்மா, மூண்டு" என்றேன்.

"பெத்தது நான். எனக்குத் தெரியாதோ?" என்றார். மழைக்கு முக்காட்டை இழுத்துவிட்டார். "ஒரு தகப்பனுக்கு அவன் ஓம் எண்டு சொன்னதே காணும். எனக்கும் அவனே வந்து நிண்டு சொல்ல வேண்டாம். பேர் இருந்தால் கூப்பிடுவாங்கள். கூப்பிட்டால் வருவான். வந்தால் பெரியவன் அந்த இடத்திலயே துவங்குவான். எனக்கு ஒருதரும் இல்லாமல் போனாலும் பரவாயில்லை பிள்ளை. அவனை இனி இதுக்குள்ள இழுக்க ஏலாது."

"அப்ப கடைசிக் கொள்ளிக்கு?"

ட்ராம் வந்தது. ஏறி இருந்த பிறகு அம்மா என் கையைப் பிடித்தார். "இதை அவனுக்குச் சொல்லிப்போடாத."

"அவர் கேட்டால்?"

"கேக்க மாட்டான்."

இரண்டு கிழமைக்கு ஒருமுறை நான் சின்னண்ணையோடு தொலைபேசியில் கதைக்கிறேன். பிள்ளையின் பல் விழுந்தது, ரயில்கள் பிந்துவது, என் வேலை. அம்மா சுகமோ என்று கேட்பார். சுகம் என்பேன். அதற்கு மேல் அவர் இதுவரை கேட்கவில்லை.